முதலாளியின் லொறிக்கு வைத்த ஒட்டு

1946 மே 6, திங்கள்

மீராசாஹிபு முதலாளியின் லொறி கட்டுக்கரையிலிருந்து நெல் ஏற்றி வரும் வழியில் அடிச்சட்டம் பிளந்துவிட்டது. எருக்கலம்பிட்டியில் அவருடைய அரிசி மில்லுக்குள் இழுத்து விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் உம்மு குல்சூமுக்கு நிக்காஹ். முசலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வர வேறு வாகனம் இல்லை. மில் மெஷின்களைப் பார்க்கிற என்னை முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்.

"தலைமன்னாரில பட்டாளத்தார் பழைய வெல்டிங் மெஷின் ஒண்டு விக்கினமாம். வாங்குவமோ, எமிலி?"

"நல்லதை ஆர் முதலாளி விப்பான்? நானே செய்து தாறன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெல்டிங் மெஷினை நான் கொழும்பில் ஒரு வேலிக்கு இப்பால் நின்று பார்த்ததோடு சரி.

மே 7

என் மனுசி றோசம்மா: "பேசாமல் வாங்கச் சொல்லுங்கோ. நீங்கள் செய்த மண்ணெண்ணெய் அடுப்பு இன்னும் கூரைக்கு மேலதான் கிடக்கு."

நான் கம்பி தேடப் போனேன்.

மே 8

மில் டைனமோவிலிருந்து நேரே கம்பி இழுத்தேன். டைனமோவைச் சுழற்றும் வார் பறந்துபோய் முதலாளியின் கதிரையில் விழுந்தது. நல்ல வேளை, அவர் தொழப் போயிருந்தார். மின்சாரத்தை அடக்க வேண்டும். மரப் பீப்பாவில் உப்புத் தண்ணீர் நிரப்பி, இரண்டு தகடுகளை இறக்கி, அதற்குள்ளால் மின்சாரத்தை விட்டேன்.

பொறி வந்தது! நீலப் பொறி! என் புருவம் போய்விட்டது.

மே 9

பீப்பா கொதிக்கிறது. அதன் ஆவியில் எல்லோருக்கும் இருமல். கொதிக்கிற தண்ணீரை ஏன் வீணாக்குவான் என்று முதலாளியின் மனைவி ஆமினா முட்டை கொடுத்தனுப்பினா. துருவின் நிறத்தில் வெந்தது. முதலாளி ஒன்றைத் தின்றுவிட்டு, "உப்புச் சரி" என்றார்.

மே 10

ஒட்டிவிட்டது! சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன். அசையவில்லை.

மே 11, சனி

லொறியும் அசையவில்லை.

டிரைவர் சனூன் கிளப்பினான். கூரைத் தகரம் கடகடத்தது. "முதலாளி! லொறி போகேல்லை, மில்தான் வருது!"

சட்டத்தோடு பக்கத்தில் நின்ற இரும்புத் தூணையும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன். அந்த வெளிச்சத்தில் யாரால் கண்ணைத் திறக்க முடியும்? தூணை அறுத்தால் கூரை விழும். கடவுளே, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நிக்காஹ்! என்ர வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதோ?

முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் தலைமன்னாருக்கு ரயிலேறினார்.

மாலை — பழைய மெஷினோடு வந்தார். பெரிய பச்சைப் பெட்டி. திறந்தால் உள்ளே தட்டுத் தட்டாக... கோதுமை மாவில் பாண் சுடுகிற மின்சார அடுப்பு, போறணை.

"வெல்டிங் எண்டுதானே சொன்னவன்..." முதலாளி தரையில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். முதலில் சிரித்தது அவர்தான்.

மே 12, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் புத்துடுப்பு முழங்கால்வரை நனைந்திருந்தது. "லொறி எங்க?" என்று மாப்பிள்ளையின் வாப்பா உறுமினார். லொறியைக் காட்டினோம். தூணையும் காட்டினோம்.

றோசம்மா விடியவே வந்து மாக் குழைத்து, போறணையை என்னைக்கொண்டு டைனமோவில் கொழுவ வைத்திருந்தா. சூடான பாணும் இறைச்சிக் கறியும் வந்தன. மாப்பிள்ளையின் வாப்பா லொறிக்குள் ஏறி இருந்து மூன்றாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நிக்காஹ் மில்லுக்குள்ளேயே நடந்தது.

செப்டெம்பர் 3

கூரைக்கு முட்டுக் கொடுத்து, தூணை அறுத்து, லொறியை ஜூனில்தான் வெளியே எடுத்தோம். தூணின் துண்டு இன்னும் அதன் விலாவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் போறணையில் நானும் றோசம்மாவும் சுட்டு விற்கிற பாணை சனூன் அந்த லொறியில்தான் முசலிவரை கொண்டுபோகிறான்.

இன்று முதலாளியின் மருமகன் வந்தார். "எமிலியண்ணை, எங்கட இரும்புக் கட்டில் கால் முறிஞ்சிட்டுது. ஒட்டித் தருவீங்களோ?"

நான் எழும்பினேன். அதற்குள் றோசம்மா அவர் கையில் இரண்டு பாணை வைத்து, "போயிட்டு வாங்கோ, தம்பி" என்று தெருவரை கொண்டுபோய் விட்டா.

நான் திரும்ப இருந்து மாவைக் குழைத்தேன்.