ஒரே ஒரு ஆட்சேபம்

அன்பு மகளே,

தண்டனைக் குறைப்பு மசோதா இன்றும் ஓட்டெடுப்புக்கு வரவில்லை. செனட்டில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். இந்த முறை எழுந்தவர் பிக்கெட். அவரையும் சபை வழக்கப்படி "என் மதிப்புக்குரிய நண்பர்" என்றுதான் சொல்லித் தொலைத்தேன்.

வெளியே வந்ததும் தோளில் கைபோட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க, எங்க மாநிலத்துல தேர்தல் வருது. ஆமா, பேரன் காலேஜ் முடிச்சிட்டானா?"

"இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு" என்றேன்.

"அப்படி என்னய்யா படிக்கிறான்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நீதி மெல்லத்தான் வரும், ஆனால் வந்தே தீரும் என்று மேடைக்கு மேடை முழங்கியவன் நான்.

சனிக்கிழமை உன் பிள்ளையைப் பார்க்கச் சிறைக்குப் போவாய். தாத்தா போராடுகிறார் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. நம்பிவிடுவான்.

அப்பா