மூன்று முட்டைகள் என்னுடையவை

அக்கா,

இன்று காலை மளிகைக் கடைக்காரர் நான் கேட்ட ஆறு முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கெட்டது ஏதாச்சும் இருந்தா எடுத்துனு வாங்கம்மா, மாத்திக் குடுத்துடறேன்" என்றார். உங்கள் நினைவு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் அந்த மாலை வகுப்பு ஆரம்பமானது. அங்கிருந்த ஒரு கல்லூரியின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள். வேலூர்ச் சாலையில் கோழிகளுக்குத் தடுப்பூசி மருந்து செய்யும் கம்பெனி ஒன்று வரப்போகிறது, அதற்குப் பட்டம் படிக்காத உள்ளூர் ஆட்களைப் பழக்க வேண்டும் என்றார்கள். வேலூர் பாகாயத்தில் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஆசிரியை ஆக்கினார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, மூக்குக்கு மேல் கோபம். வந்த எட்டுப் பேரில் நீங்கள்தான் மூத்தவர். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஏழு மணிக்கு வகுப்புக்குள் வரும்போது உங்கள் புடவையில் பசை வாசனை அடிக்கும்.

தடுப்பூசிக்கான கிருமியை உயிருள்ள முட்டைக்குள் ஊசியால் ஏற்றித்தான் வளர்ப்பார்கள். வேலை இதுதான்: பொரிப்புப் பெட்டியில் ஒன்பது நாள் இருந்த முட்டையை இருட்டறையில் விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். சிவப்பு நரம்பு தெரிந்து, உள்ளே ஒரு புள்ளி அசைந்தால் உயிர் இருக்கிறது. ஓட்டில் துளையிட்டு ஊசி போட்டு மெழுகால் மூட வேண்டும். மறுநாள் திரும்பப் பார்த்து, பிழைத்தது எத்தனை, செத்தது எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். பயிற்சிக்குக் கிருமி கிடையாது, சுத்தமான உப்புத்தண்ணீர்தான். அதனால் முட்டை செத்தால் குற்றம் ஊசி போட்ட கையுடையது.

முதல் வாரம் எல்லோருடைய தட்டிலும் செத்த முட்டைகள் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தன. சுற்றிலும் நல்லவை. நோட்டில் எல்லாமே உயிரோடு! கத்தித் தீர்த்தேன். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "எங்க கம்பெனி பழக்கம் டீச்சர். தையல் பிசகின பீஸ பண்டல் நடுவுல சொருகிடுவோம். மேஸ்திரி மேலயும் கீழயும்தான பாப்பாரு?"

"செத்தா தப்பில்லக்கா, எழுதாம விட்டாதான் தப்பு" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

பரீட்சைக்கு ஆளுக்கு இருபது முட்டை. இரண்டுக்கு மேல் செத்தால் தோல்வி. பாதிப் பேராவது தேறாவிட்டால் மெட்ராஸிலிருந்து பட்டதாரிகளை எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பரீட்சைக்கு லீவு தரவில்லை என்று நீங்கள் ஷூ கம்பெனி வேலையையே விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். வீட்டுக்காரர் பத்து நாளாகப் பேசவில்லை என்று சொன்னீர்கள்.

மறுநாள் விடிந்ததும் நான்தான் முதலில் போய்ப் பூட்டைத் திறந்தேன். மனசு கேட்காமல் உங்கள் தட்டை இருட்டறைக்குள் எடுத்துப் போனேன். பதினாறாம் எண் முட்டையிலிருந்து இருபதாவது வரை ஐந்தும் செத்திருந்தன. பொரிப்புப் பெட்டியில் மிச்சமிருந்த நல்ல முட்டைகளில் மூன்றை எடுத்துத் துளையிட்டு, மெழுகு வைத்து, உங்கள் எண்களைப் பென்சிலால் எழுதித் தட்டில் வைத்தேன். செத்த மூன்றை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். இரண்டுதான் சாவு என்றால் நீங்கள் தேறிவிடுவீர்கள். அந்த நிமிஷத்தில் அது எனக்குத் தப்பாகவே படவில்லை அக்கா. புண்ணியம் செய்த மாதிரி இருந்தது.

எட்டு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். தேர்வாளர் இன்னும் வரவில்லை. இருட்டறையிலிருந்து தட்டோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"இன்னா டீச்சர் இது? மெழுகு இப்படி வழிஞ்சிருக்கு. இது என் கை இல்ல."

தட்டை என் முன்னால் மேசைமேல் வைத்தீர்கள்.

"பதினஞ்சி முடிஞ்சதும் டைம் ஆய்டுச்சேன்னு ஊசிய நெருப்புல காட்டாமயே போட்டுட்டேன். அஞ்சும் போய்டும்னு ராத்திரியெல்லாம் நெனச்சிக்கினே இருந்தேன். இதுங்க மட்டும் எப்படி பொழச்சிச்சி?"

"வேலைய வேற விட்டுட்டு வந்திருக்கீங்களேக்கா..." என்று இழுத்தேன்.

"அதுக்கு? ஷூவுல சொருகினா எவளோ ஒருத்தி கால கடிக்கும், அவ்ளோதான். இது ஊசி மருந்து டீச்சர். எங்க தெருவுல நாலு கோழிய வச்சிக்கினு பொழைக்கறவங்க இருக்காங்க. எங்க வச்சீங்க? குடுங்க."

இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். ஐந்தையும் வரிசையாக அடுக்கினீர்கள். தேர்வாளர் வந்ததும் நோட்டில் எழுதிக் கொடுத்தீர்கள்: ‘ஐந்து சாவு. ஊசியை நெருப்பில் காட்டவில்லை. அவசரம்.’ அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "காரணம் யாரும் எழுதறதில்லையேம்மா" என்றார். ஆனாலும் விதி விதிதான், தோல்வி போட்டார். மற்றவர்களில் நான்கு பேர் தேறியதால் வகுப்பு பிழைத்தது. என்னைப் பற்றி நீங்கள் மூச்சு விடவில்லை.

ஷூ கம்பெனியில் உங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், நூல் பிசிறு வெட்டுகிற கீழ்வேலைக்கு. ஆறு மாதம் கழித்து அதே பசை வாசனையோடு பரீட்சைக்கு வந்தீர்கள். இருபதும் உயிரோடு. அன்று உங்களைக் கட்டிப்பிடித்து அழுதவள் நான்தான். நீங்கள் "உடுங்க டீச்சர், பாக்கறாங்க" என்றீர்கள்.

பிறகு எட்டு வருஷம் அந்தக் கம்பெனியின் முட்டை அறை உங்கள் பொறுப்பு. என் மாணவிகள் வேலைக்குச் சேர்ந்து வந்து சொல்வார்கள்: காலையில் உங்கள் முதல் கேள்வி "இன்னைக்கு எத்தினி செத்துச்சி?" என்பதுதானாம். திட்டு கிடையாதாம். சும்மா கேட்பீர்களாம், சாப்ட்டியா என்று கேட்கிற மாதிரி. அதனால் யாரும் ஒளிக்கவில்லையாம்.

ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் உங்கள் கதையைச் சொல்வேன். ஐந்து சாவை எழுதியதைச் சொல்வேன். முட்டையை மாற்றியது யார் என்பதை மட்டும் விழுங்கிவிடுவேன். கதையின் நடுவில் சொருகிவிடுவேன் என்றும் சொல்லலாம். நீங்கள் போன பிறகும் அதைச் சுமந்துகொண்டு திரிய வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை புது வகுப்பு தொடங்கியது. முப்பது பெண்கள். மூன்று முட்டைகளை மாற்றியது நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். இனி இவர்கள் என்னை மதிக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆலங்காயத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். முந்தானையைத் திருகிக்கொண்டே, "டீச்சர், கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பொரிப்புப் பெட்டியில இருந்த தெர்மாமீட்டர் ஒடஞ்சிடுச்சி. நான்தான். துடைச்சிட்டு வேற மாத்தி வச்சிட்டேன்" என்றாள்.

திட்ட வாயெடுத்தேன். பழைய கோபம், போகுமா? பிறகு நோட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"எப்படி ஒடஞ்சிச்சின்னு எழுதும்மா. நான் பக்கத்திலயே இருக்கேன்."