ஒளிக்கற்றையைத் திருப்பிய வாரம்

ஜூன் 1, 2009, திங்கள்

காலை ஏழுக்கே புழுக்கம். கல்லூரிக்கு லீவு, எனக்கு இல்லை. ஆய்வகத்தில் கருங்கல் பலகை, அடியில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் நான்கு. கொஞ்சம் அதிர்ந்தாலும் ஒளியைக் கொண்டுவரும் ஃபைபர் இழை சிப்பை விட்டு விலகிவிடும், அதற்கு இந்த ஏற்பாடு.

சிப் நகத்தைவிடச் சிறியது. உள்ளே போகும் லேசர் ஒளி பதினாறு வழியாகப் பிரிகிறது. வழிக்கு ஒரு குட்டி ஹீட்டர். சூடு ஏற்றினால் அந்த வழியில் ஒளி சற்றுத் தாமதமாகும். பதினாறு தாமதமும் படிப்படியாக அமைந்தால் வெளியே வரும் ஒளி ஒன்றுகூடி, ஒரே கற்றையாகப் பக்கவாட்டில் திரும்பும். கண்ணாடி, மோட்டார் எதுவும் அசைய வேண்டாம். காகிதத்தில் அழகாகத் திரும்புகிறது. கேமராவிலோ கொட்டின மோர் மாதிரி பரவிக் கிடக்கிறது.

லேசரும் கேமராவும் கைடு சார் சென்னையிலிருந்து இரவலாகத் தந்தவை. சனிக்கிழமை வந்து எடுத்துப் போவார். அதற்குள் கற்றை வராவிட்டால் ஆய்வேட்டில் இந்த அத்தியாயம் இல்லை. இது இல்லாமல் பிஎச்.டி. இல்லை. பதிவுக் காலம் இந்த வருடத்தோடு சரி.

கேஸ் புக் பண்ண. மிளகாய்த்தூள். பாப்பா யூனிபார்ம் தைக்கக் கொடுக்க.

ஜூன் 2, செவ்வாய்

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த பிறகும் அதே மோர்.

அட்டெண்டர் முனியம்மாக்கா லீவிலும் வந்து கதவு திறந்துவிடுகிறார். ஃபேன் காற்றில் ஃபைபர் ஆடுகிறது என்றேன். உடனே ஃபேனை அணைத்துவிட்டு, வேர்வையில் நனைந்தபடி என்னோடு உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னால் கோபம் வருகிறது. "இதுக்குலாமா தேங்ஸு? உன் வேலயப் பாரும்மா." இப்படி ஒருவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

கணக்கை மறுபடி சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல். போகும்போது சிப்பைத் திட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 3, புதன்

பெருமாள் கோயில் உற்சவம். தெருவெல்லாம் கூட்டம், ஆட்டோ சுற்றிப் போனது. என் வீட்டுக்காரர் வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பல்லக்குத் தூக்கப் போகிறார். குடும்ப வழக்கம். மத்தியானம் வந்து தோளில் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார். கன்றிப் போயிருந்தது. பதினாறு பேர் தூக்கி அது எப்படித்தான் சாயாமல் போகிறதோ என்று முணுமுணுத்தேன். சிரித்தார்.

"எல்லாரும் ஒரே ஒசரமாவா இருக்கோம்? எனக்கு முன்னாடி நிக்கிறவன் ரெண்டு வெரல் ஒசரம். நான் துண்ட மடிச்சி தோள்ல வெச்சிக்கினுதான் தூக்குறேன். எவனுக்கு எத்தன மடிப்புன்னு ஒரே கணக்கு கெடையாது. மொதல்ல மட்டம் ஆவணும்மா. அப்பறந்தான் திருப்பறதெல்லாம்."

எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டேன். என் பதினாறு வழிகளும் மட்டமாக இருப்பதாக நானாகவே நினைத்துக்கொண்டு படிப்படியாகச் சூடேற்றியிருக்கிறேன். சிப் செய்யும்போதே ஒவ்வொரு வழியும் மயிரிழை கூடவோ குறையவோ வந்திருக்கும். ஒளிக்கு அது பெரிய தூரம். மட்டமே ஆகாததை இத்தனை நாள் திருப்பிக்கொண்டிருந்தேன். படித்தவள்!

அவரிடம் சொன்னேன். பாதி புரிந்தது போலத் தலையாட்டினார். இன்னொரு தோள் பாக்கி இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார்.

ஜூன் 4, வியாழன்

கணக்கு நோட்டைத் தொடவில்லை. திரையில் ஒரே ஓர் இடத்தைக் குறித்தேன். முதல் ஹீட்டரை மட்டும் ஏற்றி இறக்கி, அந்த இடம் எப்போது அதிக வெளிச்சமோ அங்கே நிறுத்து. பிறகு இரண்டாவது. பதினாறு வரை. பக்கத்து ஹீட்டரின் சூடு அடுத்ததையும் தொடுகிறது, அதனால் மறுபடி முதலிலிருந்து. ஏழாம் நம்பர் மகா பிடிவாதம்.

நாலரை மணி. ஒற்றைப் புள்ளி.

அதன் மேல் படிப்படியான தாமதத்தைக் கூட்டினேன். புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது. மாற்றினேன், வலப்பக்கம் வந்தது. அழுதுவிட்டேன். கரண்ட் போய்விட்டதா என்று முனியம்மாக்கா பதறினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை கோபிக்கவில்லை.

ஜூன் 6, சனி

லேசான தூறல். சார் வந்தார். விசையை அழுத்தி அழுத்திப் புள்ளியை இடமும் வலமுமாக ஓட்டிக்கொண்டே இருந்தார், காபி ஆறிப்போனது. கருவிகள் இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கட்டும் என்றார். எந்தக் கட்டுரையில் படித்தாய் என்று கேட்டார். தயங்கித் தயங்கிப் பல்லக்கு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இதே முறை வேறு துறைகளில் உண்டு, தேடிப் படித்துக் குறிப்பிடு, ஆனால் நீ கற்றது அவரிடம், நன்றியுரையில் அவர் பேர் வரவேண்டும் என்றார். நல்ல மனிதர். எனக்கு வாய்த்தவர்கள் எல்லாருமே.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். முகம் சுருங்கியது.

"என் ஒருத்தன் பேரா? பதினாறு பேரு தூக்கறோம்மா. போட்டா எல்லாரையும் போடு, இல்லன்னா உட்டுடு."

நோட்டை எடுத்துவந்தேன். பல்லக்கின் முன்கொம்பிலிருந்து வரிசையாகப் பேர் சொன்னார், இடையிடையே யாருக்கு எத்தனை மடிப்பு என்பதோடு. பதினைந்து பேர் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவை அவர் பேரை என் கையால் எழுதினேன்.

16. சேகர்.