திறக்காத மூடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம்தான், நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா, உன் இருமல் விட்டதா என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா குளிக்கிறார் என்றேனே, அது பொய். எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், குழந்தைகிட்ட என்னத்தச் சொல்லுவேன், நீயே பேசிடு என்று கையெடுத்துக் கும்பிட்டார். பேச ஆரம்பித்தால் சுவருக்கும் காது வலிக்கும் என்று கேலி செய்வாயே, அந்த மனிதரின் வாயில் இப்போது ஒரு சொல் இல்லை.

நீ முட்டைக்கண்ணி என்று பெயர் வைத்த எங்கள் கருவி போய்விட்டதம்மா. அதைச் சுமந்த செயற்கைக்கோளை ராக்கெட் சரியாகத்தான் கொண்டுபோய் விட்டது. காற்றில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பிரித்துப் பார்த்து, ஓசோன் எவ்வளவு, புகையிலிருந்து வரும் வாயுக்கள் எவ்வளவு என்று அளக்கிற கண் நான் செய்தது, அதில் தூசி படாமல் காத்த மூடி அப்பா செய்தது. அந்த மூடி திறக்கவே இல்லை. சூரியன் பக்கம் திருப்பிச் சூடு காட்டினோம், மோட்டாரை முன்னும் பின்னும் அசைத்தோம், வாரக்கணக்கில் செய்யாதது இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது, சூடு இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு என்று ஒழுங்காகச் சொன்னது, பார்க்க மட்டும் முடியவில்லை. மற்றக் கருவிகளுக்காவது மின்சாரம் மிஞ்சட்டும், இதை அணைத்துவிடலாம் என்று திட்ட இயக்குநர் சொல்லிவிட்டார். கட்டளை அனுப்ப உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அப்பா போய், நகரும்மா, நானே அனுப்பறேன் என்றார். பொத்தான்மேல் விரலை வைத்தவர் அழுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அவர் கைமேல் கை வைத்தேன், இருவருமாக அழுத்தினோம். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக நின்றன. தூங்கு கண்ணு என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், உன் கண்ணைக் கட்டிட்டேனே என்று என் மடியில் விழுந்து அழுதார். உங்க மேல எனக்குக் கோபமே இல்லைங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அது முழு உண்மையா என்று கேட்காதே. எனக்கும் வயிறு எரிகிறது, ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உடைந்துபோனால் யார் உலை வைப்பது? நான் இன்னும் அழவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிடு. ஆறுதல் சொல்லாதே, அது அவருக்கு அடி மாதிரி விழும். அந்த மூடியை எப்படிச் செய்தீர்கள் என்று கேள், எவ்வளவு நேரம் சொன்னாலும் கேட்டுக்கொண்டிரு.

ஒரு குறையும் இல்லாமல் இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசி. மறந்துவிடாதே, அவர் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல். நான் அடுத்த அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

உன் அம்மா