குழாய்க்குள் இருந்த வலை

இன்று காலை கிள்ளானில், சூரிய ஒளியை அளக்கும் நம் ஒளிமானியின் பெட்டியைத் திறந்ததும் தைல வாசம் அடித்தது. மூலையில் நீ விட்டுப்போன கைக்குட்டை. சனியன், ஒரு வருஷமாகியும் வாசம் போகவில்லை.

அந்தப் புகைமூட்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. உன் பிளாட்டில் எல்லாருக்கும் இருமல். பின்னால் மணலைக் குவித்து லோரிகளில் ஏற்றும் யார்டுதான் காரணம் என்றார்கள். பிளாட்டின் மொட்டை மாடியில் நின்று சூரிய ஒளியை நிறம் நிறமாக அளந்தோம். புகை என்றால் நீலம்தான் அதிகம் குறையும். தூசு என்றால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குறையும். அன்று ஒன்றுபோலத்தான் குறைந்தன. யார்டுத் தூசு என்று சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அறிக்கை அனுப்பினோம். உன் பக்கத்து வீட்டு அக்கா கேசரியே கிண்டிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, ஒளிமானிக்குள் ஒளி நுழையும் குழாயை நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். உள்ளே சிலந்தி வலை. அதுவும் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலத்தான் மறைக்கும்.

"விடு லா, யாருக்குடி தெரியப்போவுது? தூசு இருக்கறது உண்மைதானே? இருமிச் சாகறது நீதானே?" என்று கத்தினேன்.

"இருக்கலாம். ஆனா நாம பாத்தது வலைதான். நாளைக்கு நெசமாச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

அறிக்கையைத் திரும்பப் பெற்றாய். வீடு வீடாகப் போய் நீயே சொன்னாய். "யார்டுக்காரன்கிட்ட எவ்ளோ வாங்குன?" என்று அதே அக்கா முகத்துக்கு நேரே கேட்டார். நான் உன்னோடு வரவில்லை.

குழாயைத் துடைத்து அளந்தபோது புகைதான் தெரிந்தது. புகை விலகிய பிறகும் நீ தினமும் அளந்தாய். ஒருநாள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை.

நான் தொடர்ந்தேன். அடுத்த மாதம், வானம் தெளிந்த காலைகளில், லோரிகள் ஓடும்போதெல்லாம் எல்லா நிறமும் ஒன்றுபோலக் குறைந்தன. குழாயை மூன்று முறை பார்த்தேன், சுத்தமாக இருந்தது. யார்டுக்காரர்கள் பழைய தவற்றைக் கிளறினார்கள். "அந்தத் தப்ப அவங்களேதான் வந்து சொன்னாங்க. இத நம்பலாம்" என்றார் இலாகா அதிகாரி. யார்டை மூடிவிட்டார்கள்.

படிக்கட்டில் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தப் பிள்ளைய நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"நானும்தான் அக்கா" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்த வலையை மறைத்திருந்தால் யார்டை அப்போதே மூடியிருப்பார்கள், நீ இருந்திருப்பாயோ? இதை நினைத்தால் உன்மேல் இன்னும் கோபம் வருகிறது. ஆனாலும் தினமும் காலையில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் அளப்பதில்லை, பாவி.