வெடல்பு டயர்

திருப்பதி,
ஆகஸ்ட் 1960

அன்புள்ள நைனாவுக்கு, தாட்சாயணி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த நம் பிக்கப் வண்டி ஆற்று மணலில் புதைந்ததால்தான் போன மாதம் நீங்கள் என்னைப் பார்க்க வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புதையாமலிருக்க எந்தச் சக்கரம், எந்த டயர் போடலாம் என்று ஹாஸ்டல் வார்டன் அம்மாவோடு போய்க் கடையில் கேட்டேன்.

கடைக்காரர், "வெடல்பு டயரு காவாலா?" என்றார். என் காதில் வெடிப்பு என்று விழுந்தது.

"எங்க நைனாக்கு வெடிப்பு டயரெல்லாம் வாணாம், நல்லதா குடுங்க" என்றேன். கடையே சிரித்தது.

"ஏம்மா, வெடல்புன்னா அகலம்! அரவ ஊரா உன்னுது?" என்றார். அரவம் என்றால் இங்கே தமிழாம். நானும் சிரித்துவிட்டேன். நம் ஊரை ஆந்திராவில் சேர்த்த பிறகுதானே தெலுங்கு படிக்கிறேன். அந்தச் சொல் இன்னும் பாடத்தில் வரவில்லை.

உயரமான டயர் போட்டால், வண்டியைத் திருப்பும்போது மட்கார்டில் இடிக்குமாம். அகலமான டயர்தான் மணலில் புதையாதாம். அதற்குச் சக்கரத்தையும் அகலமாக மாற்ற வேண்டுமாம்.

வேர்க்கடலை அனுப்பினால் தமிழ்ப் பேப்பரில் கட்டுங்கள். கடலை கொஞ்சம் போதும், பேப்பர் பெரிதாக இருக்கட்டும்.

பழைய டயரிலுள்ள நம்பரைக் கார்டில் எழுதிப் போட்டாலே போதும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். ஆனாலும் நைனா, நீங்கள் சக்கரத்தையே பஸ்ஸில் போட்டு எடுத்து வாருங்கள். ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால், வெறுங்கையோடு வாருங்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்
தாட்சாயணி