கடைசி மட்டும் கூட வந்த ஏஜென்ட்

அக்கா,

போன சனிக்கிழமை புரோசார்டில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே சின்னத் தோடம்பழங்களை மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். மார்கழி பிறந்தால் மொன்றியலில் எந்தக் கடைக்குப் போனாலும் இந்தப் பெட்டிதான் காலில் இடறும். ஒரு குழந்தை ஒரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கியிருந்தது. தாய் பிரெஞ்சில் அதட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தோலின் மணம் மூக்கில் ஏறியதும் நான் கடைக்குள் இல்லை. அமெரிக்காவின் தெற்கில், குளிரூட்டி சரியாக வேலை செய்யாத ஒரு அலுவலக அறையில், உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நீங்கள் மடியில் கைக்குட்டையை விரித்துப் பழம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். எதிரே இருந்த மூன்று ஆண்கள் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் மார்கழி இது. உங்களோடு கதைக்க வேண்டிய விஷயங்கள் சேர்ந்துபோய் இருக்கின்றன.

முதல்நாள் நினைவிருக்கிறதா? றொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறை. பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்த நான், கிரிக்கெட் பந்து எறிந்த கையால் பேஸ்போல் எறியப் பழகி, பள்ளிக்கூட அணி, மாகாண அணி என்று வளர்ந்துவிட்டிருந்தேன். பதினெட்டு வயதில் என் பந்தின் வேகத்தை அளக்கும் கருவிகளோடு ஆட்கள் வேலிக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரருக்காகக் கழகங்களோடு பேசுகிற ஏஜென்ட் ஒருவர் எனக்கு வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னார். முதலில் வந்தவர் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ஆள். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. தான் வாங்கிக் கொடுத்த பெரிய ஒப்பந்தங்களைப் பற்றியும் தன் ஆட்டக்காரர்கள் குடியிருக்கும் வீடுகளைப் பற்றியும் பேசினார். அம்மா கொடுத்த வடையைச் சாப்பிட்டார். போகும்போது என் அளவுக்குச் சரியாக ஒரு சோடி சப்பாத்தும் வைத்துவிட்டுப் போனார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அப்பா மட்டும் அந்தச் சப்பாத்தைத் தொட்டும் பார்க்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டினார். அங்கே முதுகு உடைந்த ஒரு நண்பருக்காக வழக்காடிய தமிழ் லோயர் என்று உங்களை அவருக்குத் தெரியும். ஒரு பேஸ்போல் ஆட்டக்காரருக்கும் நீங்கள் ஏஜென்டாக இருப்பதாக யாரோ சொன்னதும் உங்களை அழைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். கையில் சப்பாத்துப் பெட்டி ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, ஏஜென்ட் எண்டால் எனக்கு ஒருத்தனைத்தான் தெரியும்," என்றார் அப்பா. "கனடாவுக்கு எண்டு கொழும்பில இருந்து கூட்டிக்கொண்டு வந்து, பாங்கொக்கில ஒரு அறையில விட்டிட்டுப் போனவன். பேந்து ஆளைக் காணேல்லை."

நீங்கள் சிரிக்கவில்லை. "ஓம் அண்ணை. என்ர அண்ணாவையும் ஒருத்தன் அப்பிடித்தான் இடையில விட்டவன். நான் கடைசி எயார்போர்ட் மட்டும் கூட வாற ஏஜென்ட்."

அப்பா அப்போதுதான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். என் வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்து மார்பை நிமிர்த்தினேன்.

"கை நொந்தால் முதல்ல ஆருக்குச் சொல்லுவீர்?"

நான் யோசித்தேன். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அன்ரி."

"முதல்ல அந்த அன்ரியை விடும், அக்கா எண்டு சொல்லும். ரெண்டாவது, அதுக்குத்தான் உமக்கு நான் வேணும்."

பதினெட்டு வயதுக்காரனை அதுவரை யாரும் 'நீர்' என்று கூப்பிட்டதில்லை. நான் உங்களை நம்பத் தொடங்கியதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்களுக்கு பேஸ்போல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். மொன்றியலுக்கு வந்த புதிதில் இந்த நகரத்துக்கென்று பெரிய அணி ஒன்று இருந்ததாம். விளையாட்டரங்கின் உச்சி வரிசையில் அண்ணாவோடு போய் இருந்து, காதில் வானொலியை வைத்துக்கொண்டு, வர்ணனையாளரிடம் பிரெஞ்சு படித்தீர்களாம். அந்த அணி ஊரை விட்டுப் போனபோது அழுதீர்களாம். "ஊரை விட்டு வந்தபோதுகூட நான் அப்பிடி அழேல்லை," என்றீர்கள். அம்மா உங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பந்து விளையாட்டுக்கு அழுகிற லோயரை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

என் முதல் ஒப்பந்தத்தில் நீங்கள் அதிகம் சண்டை பிடித்தது நான் எதிர்பார்க்காத ஒரு வரிக்காக. ஆட்டம் முடிந்த பிறகு எப்போது படிக்கப் போனாலும் பல்கலைக்கழகச் செலவைக் கழகம் ஏற்க வேண்டும் என்ற வரி. இவன் படிக்கப் போகிற ஆளா என்று கழகத்தின் பிரதிநிதி தொலைபேசியில் சிரித்தார். அது அவனுடைய அப்பாவின் விருப்பம், எழுதுங்கள் என்றீர்கள். அந்த வரி இருந்த பக்கம் மின்னஞ்சலில் வந்ததும் அப்பா திரையில் விரலை வைத்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார். என்னைப் பார்க்காமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு சின்ன அணிகளின் வாழ்க்கை. அமெரிக்கத் தெற்கின் சிற்றூர்கள், முடிவில்லாத பேருந்துப் பயணங்கள், நான்கு பேருக்கு ஒரு வீடு. படிப்படியாக ஏறினால்தான் உச்சத்தில் இருக்கும் பெரிய அணிக்குப் போகலாம். ஏறுகிறவர்களைவிட உதிர்கிறவர்களே அதிகம். மூன்றாவது கோடையில் என் பந்து முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் போனது. அந்தக் கோடையில்தான் முழங்கையின் உள்பக்கம் சுரீரென்று இழுக்கவும் தொடங்கியது.

முதல்நாள் நீங்கள் கேட்ட கேள்விக்காக உங்களிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். பெரிசா ஒண்டுமில்லை அக்கா. அடுத்த கிழமை என்னை மேல் அணிக்கு எடுக்கப்போகினம். பேந்து பாப்பம்."

"பேந்து எண்டு ஒண்டு இருக்கோ எண்டு முதல்ல பாப்பம். நாளைக்கு வாறன்."

அப்படித்தான் அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம். அணியின் மேலாளர், கழகத்தின் பிரதிநிதி, கழகத்து மருத்துவ உதவியாளர். மூவரும் கெட்டவர்கள் இல்லை. பருவத்தின் கடைசி வாரங்கள், அணி வென்றுகொண்டிருந்தது, அவர்களுக்கு என் கை தேவைப்பட்டது. இது எல்லாப் பந்தெறிவோருக்கும் வருகிற சாதாரண நோவு என்றார் உதவியாளர். அடுத்த கிழமை எறிந்தால் மேல் அணி நிச்சயம், எறியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவன் காத்திருக்கிறான் என்றார் பிரதிநிதி.

நீங்கள் பழத்தை உரித்தீர்கள். நாரைக்கூட விடாமல், ஒவ்வொன்றாக. கைக்கு வேலை கொடுத்தால் வாய் அவசரப்படாது என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அந்த மௌனம் என்னையே அரித்தது. அவர்களை என்ன செய்திருக்கும்?

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள். நாங்கள் தெரிவு செய்யும் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை இவர் ஒரு பந்தும் எறியமாட்டார்.

மேலாளருக்கு முகம் சிவந்தது. "அவனுக்கு எறிய விருப்பம். அவனையே கேளுங்கள்," என்று என் பக்கம் திரும்பினார். "எறிவாய்தானே?"

அக்கா, எனக்கு எறியத்தான் விருப்பம். வாய்வரை வந்துவிட்டது. மூன்று வருடமாக அந்த ஒரு அழைப்புக்காகத்தான் அந்தப் பேருந்துகளில் தூங்கினேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை மடித்தபடி, மெதுவாக, தமிழில் சொன்னீர்கள்: "நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கோவம் எல்லாம் என்னில வரட்டும். நாளைக்கு நீர் இவையளோட வேலை செய்யவேணும், நான் செய்யத் தேவையில்லை."

நான் வாயை மூடிக்கொண்டேன். நல்ல ஏஜென்ட் என்றால் பெரிய தொகை வாங்கித் தருகிறவர் என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் அன்று கண்டது வேறு. ஒரு அறையில் எல்லோரும் யாரையாவது வெறுத்தாக வேண்டும் என்றால், அந்தக் கதிரையில் அவர் தானாகவே போய் உட்கார்ந்துகொள்வார். மேலாளர் அன்று மாலை உங்களைப் பற்றிக் கண்டபடி திட்டினார். என் தோளில் மட்டும் தட்டி, "உன் பிழை இல்லை," என்றார்.

மொன்றியலில் அம்மாவும் உங்களைத்தான் திட்டினார். "அந்தப் பிள்ளை உன்னை வீட்டுக்குத்தான் அனுப்பப்போறா. கிடைச்ச ஒரே இடம்," என்று தொலைபேசியில் குமுறினார்.

ஸ்கேனில் முழங்கையின் நார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. இன்னும் ஒரு ஆட்டம் எறிந்திருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றார் மருத்துவர். காயம் ஆட்டத்தில் வந்தது என்பது பதிவாகிவிட்டதால் கழகம் என்னைச் சும்மா கழற்றிவிட முடியவில்லை. சத்திரசிகிச்சையும் அதற்குப் பிறகான பயிற்சியும் அவர்களுடைய பொறுப்பாகின. துறைமுகத் தொழிலாளருக்காக வருடக்கணக்காக நீங்கள் செய்த அதே வேலைதான். அதே கோடையில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட ஒரு பையனுக்குத் தோள்பட்டை நோவு. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியபடியே பருவத்தை முடித்தான். குளிர்காலத்தில் அவனை விடுவித்துவிட்டார்கள். அவனுக்கும் ஏஜென்ட் இருந்தார். தொலைபேசியை எடுக்காத ஏஜென்ட்.

கை தேறப் பதினைந்து மாதம் ஆனது. பந்தைத் தொடாத மாதங்களில் நீங்கள் என்னிடம் பேஸ்போல் கதைக்கவே இல்லை. சமைக்கத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்றதும் உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி, இடது கையால் வெங்காயம் வெட்டவைத்தீர்கள். உங்கள் கணவர் பிரெஞ்சுக்காரர், பாவம், நான் வெட்டிய வெங்காயத்தைப் பார்த்துவிட்டு கத்தியை எடுத்துத் தானே திரும்பவும் வெட்டுவார்.

பிறகு அந்தச் செப்டெம்பர் பிற்பகல். பெரிய அணியின் சீருடையில், பெரிய அரங்கின் நடுவில் நான். மேல் வரிசையில் அம்மா, அப்பா, நீங்கள். நான் எறிந்த முதல் பந்தை அடித்தவன் அரங்குக்கு வெளியே அனுப்பினான். சனம் எழும்பிக் கத்தியதும் அம்மாவும் எழும்பிக் கைதட்டினாராம். "அக்கா, இருங்கோ, இது எங்களுக்குக் கூடாத விஷயம்," என்று நீங்கள் சேலையைப் பிடித்து இழுத்தீர்களாம். அடுத்த மூன்று பேரையும் நான் ஆட்டமிழக்கச் செய்தபோது யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குடுவையில் கொண்டுவந்திருந்த தேத்தண்ணியை அம்மா முதல் கோப்பையில் ஊற்றி உங்களிடம் நீட்டினார் என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் முதல் கோப்பை எப்போதும் அப்பாவுக்கு. நீங்கள் முழுவதையும் குடித்தீர்களாம், சீனி கூடவாக இருந்தும்.

நான்கு பருவங்கள் உச்சத்தில் எறிந்தேன். பெரிய நட்சத்திரம் இல்லை. கூப்பிட்டால் வந்து, மூன்று பேரை வெளியேற்றிவிட்டுப் போகிற ஆள். எனக்கு அது நிறைந்த வாழ்க்கை. பிறகு, இனி முடியாது என்று கை மெல்லச் சொல்லத் தொடங்கியது. அப்போது வேறொரு கழகம் ஒரு வருடத்துக்குக் கூப்பிட்டது. நீங்கள் என்னைப் பழைய துறைமுகப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

"இதில கையெழுத்து வைச்சால் எனக்கும் பங்கு வரும். அதைத் தெரிஞ்சுகொண்டு கேளும். வேண்டாம்."

"ஏன்?"

"உம்மட கையில பிள்ளையைத் தூக்கிற அளவு இன்னும் மிச்சம் இருக்கு. அதை இவையளுக்குக் குடுக்காதேயும்."

அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. இப்போது மகளுக்கு இரண்டு வயது. வலது கையால்தான் தூக்குகிறேன்.

அந்தப் பழைய வரி அப்பாவின் விருப்பத்தை நிறைவேற்றியது. கழகத்தின் செலவில் பல்கலைக்கழகம் போய் இயன்மருத்துவம் படித்தேன். நான் பட்டமளிப்பு அங்கியில் நின்ற படத்தை அப்பா தன் லொறிக்குள் ஒட்டினார். பேஸ்போல் சீருடையில் எடுத்த படம் ஒன்றும் அங்கே இருந்ததில்லை.

உங்கள் இறுதிக் கிரியைக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துறைமுகத் தொழிலாளர் ஒரு பக்கம், வாசல் நிலையில் தலை தட்டும் உயரத்தில் ஆட்டக்காரர்கள் மறுபக்கம், நடுவில் உங்கள் சித்திமார். அன்று அந்த அறையில் என் இடத்துக்கு வேறொருவன் காத்திருக்கிறான் என்று சொன்ன பிரதிநிதியும் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதிரே உட்கார்வதற்கு இவரைவிடக் கஷ்டமான ஆள் இல்லை," என்றார். "என் மகன் இப்போது எறிகிறான். அவனை இவரிடம்தான் அனுப்பியிருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. பெருமையாக இருந்தது.

இப்போது பியர்ஃபோனில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்திருந்தார். ஹெயிட்டியிலிருந்து வந்தவர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவர். தோள் தசை கிழிந்து இன்னும் ஆறவில்லை. அவர் என் அறையில் இருக்கும்போதே அவருடைய மேற்பார்வையாளர் அழைத்தார். அந்தப் பெண் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைத் திறந்துவிட்டார். திங்கட்கிழமை வரலாம்தானே, உனக்கு இப்போது பரவாயில்லைதானே என்றது குரல். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிரெஞ்சில் 'ஓம்' என்று சொல்ல அவர் உதடு குவிவதைக் கண்டேன். அந்த உதடு எனக்குத் தெரிந்த உதடு.

நான் குனிந்து பேசினேன். இவர் திங்கட்கிழமை வரமாட்டார், தீர்மானம் என்னுடையது, கோபம் இருந்தால் என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் சத்தம் உயர்ந்தது. நான் விட்டுவிட்டேன், உயரட்டும். கடைசியில் மேற்பார்வையாளர்தான் தொலைபேசியை வைத்தார்.

அந்தப் பெண் எழும்பினார். மேலங்கியைப் போட முடியாமல் தடுமாறியபோது நோகிற பக்கத்துக் கையை நான் உள்ளே விட்டுக் கொடுத்தேன். கதவருகில் நின்று, "மெர்சி," என்றார்.

அந்த நன்றியை உங்கள் சார்பில் வாங்கிக்கொண்டேன்.